டாங்கி மாடலுக்கு ப்ரைமர் எதற்கு?

கேள்வி: 1/35 அளவில் டைகர் டாங்கி மாடல் செய்கிறேன். பச்சை பிளாஸ்டிக்கில் நேரடியாக பெயின்ட் அடித்தால் போதாதா? ப்ரைமர் வீண் செலவுதானே?

பதில்: இல்லை. பிளாஸ்டிக், பித்தளைத் தகடு, ரெசின் மூன்றிலும் பெயின்ட் ஒரே மாதிரி பிடிக்காது. பித்தளையில் நகம் பட்டாலே உரியும். ப்ரைமர் எல்லாவற்றையும் ஒரே தளமாக்கும். ஒட்டிய இடத்து இடைவெளியும் உப்புத்தாள் கீறலும் சாம்பல் நிறப் பூச்சில்தான் பளிச்சென்று தெரியும். அங்கேயே புட்டி வைத்துத் தேய்த்துவிடலாம்.

முதலில் பாகங்களைச் சோப்பு நீரில் கழுவுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு போகட்டும். நன்றாகக் காய்ந்ததும் ப்ரைமர் ஸ்ப்ரேயை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடியுங்கள். ஒரேயடியாக அப்பினால் ரிவெட்டுகள் மூழ்கிவிடும். மழை ஈரம் நிறைந்த நாளில் ஸ்ப்ரே வேண்டாம், பூச்சு வெளுத்துப்போகும். ஒரு நாள் காயவிட்டு நிறத்துக்குப் போங்கள்.

எந்த நிறம் என்பதை ஆண்டு சொல்லும். 1943 பிப்ரவரிக்கு முன் ஐரோப்பியப் போர்முனையில் ஜெர்மன் டாங்கிகளுக்கு அடர்சாம்பல். அதன்பின் அடர்மஞ்சள் அடிப்படை, மேலே பச்சை, செம்பழுப்புத் திட்டுகள். 1943 பிற்பகுதியிலிருந்து வந்த டைகர் என்றால், காந்தக் கண்ணிவெடி ஒட்டாதிருக்கப் பூசிய சிம்மெரிட் வரிகளை ப்ரைமருக்கு முன்பே புட்டியில் அமைத்துவிடுங்கள்.

மாடல் சிறியது; அசல் நிறமே அதில் கறுத்துத் தெரியும். ஆகவே சற்று வெளிறிய நிறமே கலந்துகொள்ளுங்கள்.