பார்வைப் பரிசோதனைக் கல்லூரிப் பிரவேசப் பரீட்சை
மாணவர்க்கும் பெற்றோர்க்கும் ஒரு பாடம்

நமது பிள்ளைகளை அழைத்து, "என்ன படிக்கப் போகிறாய்?" என்று வினவினால், டாக்டர், வக்கீல், என்ஜினீயர் என்னும் மூன்று விடைகளே பெரும்பாலும் வரும். மூன்றும் மேன்மையானவையே. ஆயினும், அவற்றுக்கு அப்பாலும் கண்ணியமான தொழில்கள் உள என்பதை நாம் மறந்துவிடலாகாது. அவற்றுள் ஒன்று ஆப்டோமெட்ரி என்னும் பார்வைப் பரிசோதனைத் தொழில். அமெரிக்கா சென்று இதனைக் கற்க விரும்பும் மாணவர்கள் எழுதவேண்டிய பிரவேசப் பரீட்சையைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். பரீட்சை எழுதும் பிள்ளைக்கும், அதற்காக வெள்ளியை எண்ணிக் கொடுக்கும் தகப்பனாருக்கும் இது பயன்படுதல் வேண்டும்.

1. தொழில் யாது?

கண் சம்பந்தமான தொழிலாளர் மூவர். முதலாமவர் கண் வைத்தியர். வைத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்று, கண்ணில் சத்திர சிகிச்சை செய்பவர். மூன்றாமவர் ஆப்டிஷியன், கொடுக்கப்பட்ட சீட்டின்படி கண்ணாடி அமைத்துப் பொருத்துபவர். இவ்விருவருக்கும் இடையில் நிற்பவரே ஆப்டோமெட்ரிஸ்ட். பார்வையை அளந்து, கண்ணாடிக்கும் ஒட்டுக்கண்ணாடிக்கும் சீட்டு எழுதி, கண் நோயின் அறிகுறிகளைக் கண்டறிபவர் இவர். அமெரிக்காவில் இவர் பெறும் பட்டம் ஓ.டி. எனப்படும். முதலில் கல்லூரிப் படிப்பு, அதன்பின் ஆப்டோமெட்ரிப் பள்ளியில் நான்கு ஆண்டுகள். நியூயார்க், பாஸ்டன், சிக்காகோ, பெர்க்லி முதலிய நகரங்களில் இப்பள்ளிகள் உள்ளன.

2. பரீட்சையின் அமைப்பு

இப்பரீட்சையின் பெயர் ஓ.ஏ.டி. ஆப்டோமெட்ரிப் பள்ளிகளின் சங்கத்துக்காக இதனை நடத்துவது அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் என்பது கேட்போருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் உண்மை அதுவே. கம்ப்யூட்டரின் முன் அமர்ந்து எழுதவேண்டும். சில பள்ளிகள் ஜி.ஆர்.இ. போன்ற வேறு பரீட்சைகளையும் ஏற்பதால், தாம் விரும்பும் பள்ளி எதைக் கேட்கிறது என்பதை மாணவர் முதலில் விசாரித்தறிதல் நன்று.

பரீட்சையில் நான்கு பகுதிகள் உண்டு.

முதற்பகுதி இயற்கை விஞ்ஞானம்: 90 நிமிஷம், 100 வினாக்கள். உயிர்நூலில் 40, பொது இரசாயனத்தில் 30, கரிம இரசாயனத்தில் 30.
இரண்டாம் பகுதி வாசித்துணர்தல்: 50 நிமிஷம், 40 வினாக்கள். மூன்று கட்டுரைகள் கொடுக்கப்படும்.
மூன்றாம் பகுதி பௌதிகம்: 50 நிமிஷம், 40 வினாக்கள்.
நான்காம் பகுதி கணிதம்: 45 நிமிஷம், 40 வினாக்கள்.

ஆக 220 வினாக்கள், 235 நிமிஷம். இரண்டாம் பகுதி முடிந்ததும் வேண்டுமானால் இளைப்பாறலாம். தவறான விடைக்கு மார்க்கு குறைக்கப்படுவதில்லை. ஆகவே எவ்வினாவையும் விடையின்றி விட்டு வருதல் அறிவீனம்.

மார்க்குகள் 200 முதல் 400 வரையுள்ள அளவில் வழங்கப்பட்டு வந்துள்ளன. ஆறு பாடங்களுக்குத் தனித்தனி மார்க்குகள், விஞ்ஞானப் பாடங்களுக்குச் சேர்த்து ஒன்று, எல்லாவற்றின் சராசரி ஒன்று. ஒரு பாடத்தில் மிக உயர்ந்து மற்றொன்றில் மிகத் தாழ்ந்தால், பள்ளியார் கண்ணில் அது படாமற் போகாது.

3. பொழுதைப் பங்கிடுதல்

இப்பரீட்சையில் தோற்பவர் எல்லாரும் பாடம் அறியாதவர் அல்லர். பொழுதைப் பங்கிட அறியாதவரும் அவருள் உளர். முதற்பகுதியில் 90 நிமிஷத்துக்கு 100 வினா என்றால், வினா ஒன்றுக்கு 54 வினாடியே கிடைக்கும். ஆனால் எல்லா வினாவும் ஒரே தன்மையன அல்ல. உயிர்நூல் வினாவுக்குக் கணக்கு வேண்டியதில்லை. தெரிந்தால் உடனே விடை கூறலாம், தெரியாவிட்டால் யோசித்தும் வருவதில்லை. அங்கே வினாவுக்கு 30 வினாடி வீதம் 40 வினாக்களை 20 நிமிஷத்தில் முடித்தால், மிஞ்சும் 70 நிமிஷம் 60 இரசாயன வினாக்களுக்கு ஆகும். வினாவுக்கு 70 வினாடி கிடைத்துவிட்டதல்லவா? இதுவே சிக்கனம். கடையில் கல்லாவைக் காக்கத் தெரிந்த சமூகத்தார்க்கு நாம் இதை விரித்துச் சொல்லவேண்டுமோ?

ஐயமான வினாவைக் குறியிட்டு வைத்து, அப்பகுதி முடியுமுன் அதற்குத் திரும்பி வரலாம். பகுதி முடிந்தபின் திரும்ப இயலாது.

4. பௌதிகத்தை அஞ்சற்க

மற்ற பாடங்களைவிடப் பௌதிகத்துக்கே மாணவர் பலர் அஞ்சுகின்றனர். இயக்கம், விசை, சக்தி, அலை, திரவம், வெப்பம், மின்சாரம், ஒளி ஆகிய யாவும் இதில் வரும். இவற்றுள் ஒளி நூல் நாளைய தொழிலுக்கே அடிப்படை. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே நாம் காண்கிறோம் என்று பதினோராம் நூற்றாண்டில் விளக்கினார். அத்துறையை நமக்கு அந்நியமென்று எண்ணி ஒதுங்குவது அழகன்று.

ஓர் உதாரணம். குவிதூரம் 20 செண்டிமீட்டர் உள்ள குவிவில்லைக்கு முன் 30 செண்டிமீட்டரில் ஒரு பொருள் இருக்கிறது. பிம்பம் எங்கே விழும்? பொருள் தூரம், பிம்ப தூரம் இரண்டின் தலைகீழ் எண்களைக் கூட்டினால் குவிதூரத்தின் தலைகீழ் எண் வரும் என்பது விதி. இருபதில் ஒன்றிலிருந்து முப்பதில் ஒன்றைக் கழித்தால் அறுபதில் ஒன்று. ஆகவே பிம்பம் 60 செண்டிமீட்டரில் விழும்; தலைகீழாகவும் இருமடங்கு பெரிதாகவும் இருக்கும்.

மற்றோர் உதாரணம். ஒருவர்க்கு 50 செண்டிமீட்டருக்கு அப்பால் தெளிவாகத் தெரியவில்லை. அவருக்கு எந்தக் கண்ணாடி வேண்டும்? வில்லையின் வலு டயாப்டரில் கூறப்படும். ஒன்றை, மீட்டரில் அளந்த குவிதூரத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 50 செண்டிமீட்டர் என்பது அரை மீட்டர். ஒன்றை அரையால் வகுத்தால் இரண்டு. கிட்டப்பார்வைக்குக் குழிவில்லை ஆதலால் கழித்தற்குறி இடவேண்டும். விடை: மைனஸ் 2 டயாப்டர். கண்ணாடிச் சீட்டில் காணும் எண்ணும் இந்த எண்ணே. சூத்திரத்தை உருப்போட்டவன் மறந்துவிடலாம். காரணத்தை உணர்ந்தவன் மறவான்.

5. பன்னிரண்டு வாரப் பயிற்சி

முதல் ஆறு வாரம் பாடங்களைத் திருப்பிப் படிக்கவேண்டும். இரசாயனமும் பௌதிகமும் நாள்தோறும் கைப்பட எழுதிச் செய்தற்குரியவை. உயிர்நூலை நாளுக்குச் சிறிதாகப் பிரித்துக்கொள்க. அடுத்த நான்கு வாரம் கடிகாரத்தை முன்வைத்துப் பகுதி பகுதியாக வினாக்களுக்கு விடையளித்தல். கடைசி இரு வாரம் முழுப் பரீட்சையை, அதே நேரத்தில், அதே வரிசையில் எழுதிப் பார்த்தல். ஒவ்வொரு முறையும் பிழையான விடைகளைத் தனி நோட்டில் எழுதி, அறியாமையால் வந்த பிழையா, அவசரத்தால் வந்த பிழையா எனக் குறித்து வருக. அந்த நோட்டே சிறந்த ஆசான்.

வாசித்துணர்தலுக்கு மூன்று மாதத்தில் குறுக்கு வழி கிடையாது. நாள்தோறும் ஒரு விஞ்ஞானக் கட்டுரையை வாசித்து, ஒவ்வொரு பத்தியும் கூறுவதை ஒரு வரியில் எழுதிப் பழகவேண்டும்.

பரீட்சை மண்டபத்தில் சொந்தக் காகிதமும் பென்சிலும் அனுமதிக்கப்படா. எழுதி அழிக்கும் பலகையும் பேனாவும் தருவார்கள். ஆகவே வீட்டிலும் அத்தகைய பலகையிலேயே கணக்குச் செய்து பழகுதல் நலம்.

6. பெயரில் கவனம்

நம்மவர்க்கென்றே ஒரு வார்த்தை. நமது பெயர்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. தன் பெயர், பின் அல்லது பின்தி, அதன்பின் தகப்பனார் பெயர் என்றே அமைந்துள்ளன. அமெரிக்க விண்ணப்பமோ முதற்பெயர், கடைப்பெயர் என்று இரண்டு கேட்கும். ஒரு தாளில் "முகம்மது" என்றும் மற்றொன்றில் அதனைச் சுருக்கியும், ஓரிடத்தில் "பின்" சேர்த்தும் ஓரிடத்தில் விட்டும் எழுதினால், பரீட்சை நாளன்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்படலாம். கட்டிய பணமும் வீணாகலாம். பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்துப் பார்த்துப் பதிவு செய்க.

7. பெற்றோருக்கு

"சும்மா ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும்" என்று பிள்ளையை அனுப்பவேண்டாம். முன் எழுதிய பரீட்சையின் மார்க்குகளும் பள்ளியாருக்குத் தெரியவரும்; மறுமுறை எழுதக் குறித்த காலம் காத்திருக்கவும் வேண்டும். ஆயத்தமான பின்னரே எழுதுதல் முறை.

பணம் கட்டுமுன் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். இப்பரீட்சை அமெரிக்கக் கல்வியின் வாசற்படியே அன்றி, இங்கே தொழில் செய்ய அனுமதிச் சீட்டு ஆகாது. மலேசியாவில் 1991ஆம் ஆண்டு ஒளியியல் சட்டமும், சிங்கப்பூரில் 2007ஆம் ஆண்டு ஆப்டோமெட்ரிஸ்ட், ஆப்டிஷியன் சட்டமும் இத்தொழிலை ஆள்கின்றன. திரும்பி வந்து தொழில் நடத்த எண்ணுவோர், தாம் பெறப்போகும் பட்டம் இங்கு ஏற்கப்படுமா என்பதைப் பதிவுக் கழகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு புறப்படுதல் வேண்டும். அவ்வளவு தொலைவு செல்ல வசதியில்லாதவர் மனம் சோரவேண்டாம். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் பட்டப் படிப்பும், சிங்கப்பூர்ப் பாலிடெக்னிக்கில் டிப்ளோமாவும் உள்ளன. அவற்றுக்கு ஓ.ஏ.டி. தேவையில்லை.

கடன் வாங்கி அனுப்பிய பிள்ளை, அங்கீகாரமற்ற பட்டத்துடன் திரும்பி வருவதைவிடப் பெரிய துயரம் ஒரு குடும்பத்துக்கு உண்டோ? ஒரு கடிதம் எழுதிக் கேட்பதால் அத்துயரைத் தவிர்க்கலாம்.

பயிற்சி

அ. 25 செண்டிமீட்டருக்கு அப்பால் தெளிவாகக் காணாதவருக்கு வேண்டிய வில்லையின் வலு யாது?
ஆ. குவிதூரம் 10 செண்டிமீட்டர் உள்ள குவிவில்லைக்கு முன் 15 செண்டிமீட்டரில் பொருள் உள்ளது. பிம்பம் எங்கே?
இ. கணிதப் பகுதியில் 20 நிமிஷத்தில் 14 வினாக்களே முடிந்தன. மீதி வினா ஒன்றுக்கு எவ்வளவு நேரம் உண்டு?

விடைகள்: அ. மைனஸ் 4 டயாப்டர். ஆ. 30 செண்டிமீட்டரில். இ. 26 வினாக்களுக்கு 25 நிமிஷம். வினாவுக்கு ஏறக்குறைய 58 வினாடி.

மூன்றாம் வினாவின் விடையைக் கண்டு மாணவர் கலங்கவேண்டியதில்லை. வீட்டிலேயே கடிகாரத்தோடு பழகியவருக்கு 58 வினாடி போதுமானதே.