சிப்பாயைக் கொடுத்து என்ன வாங்கினோம்?

இந்த மாதப் பாடம் சதுரங்கத்தைப் பற்றியது. சும்மா படித்துக்கொண்டு போகாமல், பலகையை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு காய்களை நகர்த்திப் பாருங்கள். அப்போதுதான் விஷயம் மண்டையில் ஏறும்.

காய்களை ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய் என்றே எழுதுகிறேன். யானை என்பது மூலையில் நிற்கும் காய். கட்டங்களுக்கு இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்ற எழுத்தும், கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண்ணும். வெள்ளை ராஜா இ1-இல் நிற்பார், கறுப்பு ராஜா இ8-இல் நிற்பார். அவ்வளவுதான்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

தம்பிக்கு நான் கற்றுக்கொடுத்த வித்தை

2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது வீட்டில் அடைந்து கிடந்தோம். பள்ளி இல்லை, பந்து விளையாட்டு இல்லை. கைப்பேசியில் செஸ் ஆட ஆரம்பித்தேன். அதே வருடக் கடைசியில் 'தி குவீன்ஸ் கேம்பிட்' தொடர் வந்தது. கூட்டாளிகள் எல்லாரும் ஆட வந்துவிட்டார்கள். மூன்று நிமிட ஆட்டம், ஒரு நிமிட ஆட்டம் என்று ராத்திரி இரண்டு மணி வரைக்கும் போகும்.

சீக்கிரம் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையில் கேம்பிட் கண்ணிகளாகத் தேடித் தேடி மனப்பாடம் செய்தேன். அப்போது 11 வயதாக இருந்த என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான். அவனுக்கும் ஒன்று சொல்லிக்கொடுத்தேன். எட்டே நகர்த்தலில் செக்மேட். அவன் கண் விரிந்ததை இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு கறுப்புக் காய் கிடைத்தால் அவன் அதைத்தான் ஆடுவான். நிறைய ஜெயித்தான். நானும் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடம் கழித்து, படிவம் இரண்டில், பள்ளி அணிக்குத் தேர்வாகி ஒரு போட்டிக்குப் போனான். ஆளுக்கு 25 நிமிடம். கடைசிச் சுற்றில் அவர்கள் அணி 2க்கு 1 என்று பின்தங்கி இருந்தது. நான்காவது பலகையில் தம்பி. அவன் ஜெயித்தால் சமம்.

அதே கண்ணியை வைத்தான். எதிரில் இருந்த மாணவி ஐந்து நகர்த்தல் வரை அவன் நினைத்தபடியே ஆடினாள். ஆறாவது நகர்த்தலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான்கு நிமிடம். பிறகு வேறு ஒரு காயை எடுத்து வைத்தாள். அதோடு தம்பியின் ஆட்டம் முடிந்தது. உண்மையில் அதற்குப் பிறகும் இருபது நகர்த்தல் ஆடினார்கள்; ஆனால் முடிந்தது அங்கேதான்.

வீட்டுக்குப் போகும் வழியில் மாமாக் கடையில் நிறுத்தினேன். மைலோ ஐஸை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் கலக்கிக்கொண்டே இருந்தான். அப்புறம் கேட்டான்: "அண்ணே, அவ பிஷப்ப வைக்கல. குதிரைய வச்சிட்டா. அதுக்கு அப்புறம் என்ன ஆடணும்னு நீ சொல்லியே தரலையே?"

என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் எனக்கே தெரியாது.

கேம்பிட் என்றால் என்ன?

கேம்பிட் என்ற சொல் இத்தாலிய மொழியில் காலைத் தட்டிவிடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ரூய் லோபெஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார் 1561-இல் எழுதிய சதுரங்க நூலில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயையோ, சில சமயம் அதைவிடப் பெரிய காயையோ விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாக வேறு ஒன்றை வாங்குவதுதான் கேம்பிட்.

'வாங்குவது' என்ற சொல்லைக் கவனியுங்கள். கடையில் பணம் கொடுத்தால் பொருள் கிடைக்க வேண்டும். சிப்பாயைக் கொடுத்தால் கிடைக்கக்கூடிய பொருள்கள் மூன்று: நேரம், அதாவது எதிராளியைவிட அதிகக் காய்கள் வெளியே வந்திருப்பது, நடுப்பலகையில் இடம், எதிராளி ராஜாவை நோக்கித் திறந்த பாதை. இதில் எதுவுமே கிடைக்காமல், 'எதிராளி தப்பாக ஆடுவான்' என்ற நம்பிக்கை மட்டும் கிடைத்தால், அது வியாபாரம் இல்லை, லாட்டரிச் சீட்டு.

வேகமான ஆட்டத்தில் அந்தச் சீட்டு அடிக்கடி விழும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று நிமிட ஆட்டத்தில் 40 நகர்த்தல் என்றால், ஒரு நகர்த்தலுக்கு நாலரை விநாடி. ஒரு நிமிட ஆட்டத்தில் ஒன்றரை விநாடி. அந்த நேரத்தில் மனிதர் யோசிப்பதில்லை, பழக்கத்தில் கை போகிறது. நாம் வைக்கும் கண்ணி அந்தப் பழக்கத்துக்காகத்தான். அதே மாணவிக்கு நான்கு நிமிடம் கிடைத்தபோது கண்ணி கண்ணில் பட்டுவிட்டது.

இப்போது மூன்று கேம்பிட்களைச் சோதித்துப் பார்ப்போம். சோதனைக் கேள்வி ஒன்றே ஒன்று: எதிராளி சரியான பதிலை ஆடிவிட்டால், என் கையில் என்ன மிச்சம்?

1. எங்லண்ட் கேம்பிட்

தம்பி ஆடியது இதுதான். வெள்ளை டி4. கறுப்பு இ5 என்று சிப்பாயை நீட்டுகிறது. வெள்ளை அதை வெட்டுகிறது. கறுப்புக் குதிரை சி6, வெள்ளைக் குதிரை எஃப்3. கறுப்பு ராணி இ7. வெள்ளை பிஷப் எஃப்4-க்கு வந்து சிப்பாயைக் காப்பாற்றுகிறது. கறுப்பு ராணி பி4, செக். பிஷப் டி2-க்குத் திரும்பி மறைக்கிறது. ராணி பி2-இல் உள்ள சிப்பாயை வெட்டுகிறது.

இந்த இடத்தில் வெள்ளையின் கை தானாகப் போகும் இடம் பிஷப் சி3. ராணியைத் துரத்துகிற மாதிரி இருக்கும். ஆனால் கறுப்பு பிஷப் பி4! வெள்ளை பிஷப்புக்குப் பின்னால் ராஜா நிற்கிறார். அதனால் அந்த பிஷப் ராணியை வெட்ட முடியாது. வெள்ளை ராணி டி2-க்கு வந்து தாங்குகிறது. கறுப்பு பிஷப் சி3-இல் வெட்ட, வெள்ளை ராணி திரும்ப வெட்ட, கறுப்பு ராணி சி1. செக்மேட். திரும்ப வெட்டுவது ராணியாக இல்லாமல் குதிரையாக இருந்தால், ஏ1 யானை போய்விடும்.

சரி, அந்த மாணவி ஆடியது என்ன? ஆறாவது நகர்த்தலில் பிஷப்புக்குப் பதில் குதிரை சி3. கறுப்பு பிஷப் பி4 என்று வந்தால், வெள்ளை யானை பி1-க்கு வந்து ராணியை மிரட்டுகிறது. ராணி ஏ3-க்கு ஓடுகிறது. யானை பி3, மறுபடி மிரட்டல். ராணி ஏ5.

எண்ணிப் பாருங்கள். எட்டு நகர்த்தலில் ஐந்து முறை ராணி மட்டுமே நடந்திருக்கிறது. சிப்பாய்க் கணக்கு சமம்தான். ஆனால் வெள்ளைக்கு இரண்டு குதிரை, ஒரு பிஷப், ஒரு யானை வேலைக்கு வந்துவிட்டன. கறுப்பு ராஜா இன்னும் நடுவிலேயே நிற்கிறார். கேம்பிட் ஆடியவர் நேரத்தை வாங்கவில்லை, நேரத்தை இழந்திருக்கிறார். சோதனையில் தோல்வி.

2. ஸ்டாஃபோர்ட் கேம்பிட்

வெள்ளை இ4, கறுப்பு இ5. குதிரை எஃப்3, குதிரை எஃப்6. வெள்ளைக் குதிரை இ5 சிப்பாயை வெட்டுகிறது. கறுப்பு சி6-க்கு இன்னொரு குதிரையைக் கொண்டுவருகிறது. குதிரைகள் வெட்டிக்கொள்ள, கறுப்பு டி சிப்பாயால் திரும்ப வெட்டுகிறது. கறுப்புக்கு ஒரு சிப்பாய் குறைவு, ஆனால் இரண்டு பிஷப்புக்கும் பாதை திறந்திருக்கிறது.

வெள்ளை டி3, கறுப்பு பிஷப் சி5. இப்போது வெள்ளை பிஷப்பை ஜி5-க்குக் கொண்டுபோய்க் குதிரையைக் கட்டினால், வசமாக மாட்டினார். கறுப்புக் குதிரை கவலைப்படாமல் இ4-ஐ வெட்டும். வெள்ளை ஆசையோடு ராணியை வெட்டினால், பிஷப் எஃப்2-இல் வெட்டி செக், ராஜா இ2, இன்னொரு பிஷப் ஜி4, செக்மேட். ராணியைக் கொடுத்து மேட் போடும் சுகம் இருக்கே, அதைச் சொல்லி மாளாது. இதை ஆடிவிட்டு ராத்திரியில் கத்தி அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

சரியான பதில் ரொம்பச் சாதாரணமானது. ஜி5-க்குப் போகாமல் பிஷப்பை இ2-இல் அடக்கமாக வைத்து, பிறகு சி3, டி4 என்று சிப்பாய்களைத் தள்ளினால், சி5 பிஷப்பின் பாதை அடைபடும். கறுப்புக்குக் கொஞ்சம் மிரட்டல் மிச்சம் உண்டு. வெள்ளை நிதானமாக ஆடினால் ஒரு சிப்பாய் லாபம் கையில் நிற்கும். எங்லண்டைவிடத் தேவலாம், ஆனாலும் சோதனையில் தேறாது.

3. ஈவான்ஸ் கேம்பிட்

வில்லியம் டேவிஸ் ஈவான்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுக் கப்பல் தலைவர் 1820-களில் கண்டுபிடித்தது. வெள்ளை இ4, கறுப்பு இ5. இருவரும் ராஜா பக்கமும் ராணி பக்கமுமாக ஒவ்வொரு குதிரையை எஃப்3, சி6-க்குக் கொண்டுவருகிறார்கள். இருவரின் பிஷப்பும் சி4, சி5. இப்போது வெள்ளை பி4! பிஷப் அதை வெட்டுகிறது. வெள்ளை சி3 என்று பிஷப்பைத் துரத்துகிறது. அது ஓடும் நேரத்தில் டி4.

என்ன வாங்கினோம்? கறுப்பு பிஷப் மறுபடி நடந்ததால் ஒரு நகர்த்தல் நேரம். நடுப்பலகையில் இரண்டு சிப்பாய். சி1 பிஷப்புக்கு ஏ3 வழியாக ஒரு பாதை, அதனால் கறுப்பு ராஜா கோட்டை கட்டவே கஷ்டப்படலாம். கறுப்பின் நல்ல பதில்களில் ஒன்று, தக்க நேரத்தில் சிப்பாயைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. கொடுத்தாலும் வெள்ளைக்கு ஆடுவதற்கு ஓர் ஆட்டம் இருக்கிறது. யாரும் தப்பு செய்யாமலேயே நமக்கு ஏதோ மிச்சம்.

1995-இல் ரீகா நகரில் காஸ்பரோவ் இதை ஆடி நம்ம விஸ்வநாதன் ஆனந்தையே 25 நகர்த்தலில் தோற்கடித்தார். ஆனந்த் கண்ணியில் விழுகிற ஆளா? வாங்கிய நேரத்தையும் இடத்தையும் காஸ்பரோவ் பயன்படுத்தியதால்தான் ஜெயித்தார்.

கண்ணி ஜெயிப்பதில் உள்ள ஆபத்து

'அண்ணே, ஜெயிக்கிறேன்ல, அப்புறம் என்ன?' என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். இரண்டு விஷயம் யோசியுங்கள்.

ஒன்று, இணைய ஆட்டத்தில் நம் புள்ளி ஏற ஏற, அதே புள்ளியில் உள்ள ஆளோடுதான் நம்மைச் சேர்த்துவிடும். கண்ணியால் ஏறிய புள்ளி நம்மைக் கண்ணி தெரிந்த ஆட்களிடம் கொண்டுபோய் நிறுத்தும். அங்கே அந்த ஒரு பதில் வந்த பிறகு, நாம் ஒருநாளும் ஆடிப் பழகாத ஆட்டம் ஆரம்பிக்கிறது.

இரண்டு, எட்டு நகர்த்தலில் முடிந்த ஆட்டத்தில் ஒன்பதாவது நகர்த்தலைக் கற்றுக்கொள்ள முடியாது. என் தம்பி நூற்றுக்கணக்கான ஆட்டம் ஆடியிருந்தான். ஆனால் இரண்டு யானை மிஞ்சிய கடைசிக் கட்டத்தை எப்படி ஆடுவது என்று அவனுக்குத் தெரியாது. அது அவன் குற்றம் இல்லை. அவனுக்கு முதலில் இனிப்பைக் கொடுத்துப் பழக்கியது நான்.

பயிற்சி

அந்தப் போட்டிக்குப் பிறகு தம்பி பல மாதம் பலகையைத் தொடவில்லை. நானாக ஒருநாள் பலகையை எடுத்து வைத்து, "வா, குதிரை சி3-க்கு அப்புறம் என்னன்னு ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம், எனக்கும் தெரியாது" என்றேன். அன்றிலிருந்து நாங்கள் கடைப்பிடிப்பது இவை:

• ஒரு கேம்பிட் கற்றுக்கொண்டால், நோட்டில் மூன்று வரி எழுதுவோம். என்ன கொடுத்தேன்? என்ன வாங்கினேன்? எதிராளியின் சிறந்த பதில் எது?

• அந்தச் சிறந்த பதில் வந்த நிலையைப் பலகையில் வைத்து, ஆளுக்கு 15 நிமிடம் வைத்து ஆடுவோம். பிறகு பக்கம் மாற்றி ஆடுவோம். கேம்பிட்டுக்கு எதிராக ஆடும்போதுதான் அதன் பலமும் தெரியும், ஓட்டையும் தெரியும்.

• வேக ஆட்டம் ஒரு நாளைக்கு ஐந்து. தொடர்ந்து இரண்டு தோற்றால் அன்றைக்கு நிறுத்தம். கோபத்தில் ஆடும் மூன்றாவது ஆட்டம் எங்களுக்கு எதையும் கற்றுக்கொடுத்ததில்லை.

• தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் பார்க்காமல் அடுத்த ஆட்டத்துக்குப் போவதில்லை. இரண்டு நிமிடம் போதும்.

கண்ணி வைப்பது பாவம் ஒன்றும் இல்லை. ஒரு நிமிட ஆட்டத்தில் சிரித்துக்கொண்டு ஆடுங்கள், அது ஒரு சந்தோஷம். ஆனால் அதை மட்டுமே நம்பி அணிக்காகப் போய் உட்காராதீர்கள். உங்களைவிடச் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, கண்ணியோடு அதன் மறுபக்கத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

தம்பி இப்போது ஈவான்ஸ் ஆடுகிறான். பாதி ஆட்டம் தோற்கிறான். ஆனால் தோற்ற பிறகு "எந்த எடத்துல விட்டேன் அண்ணே?" என்று கேட்கிறான். சில நாள் என்னிடம் மட்டும் குறும்பாக இ5 என்று எங்லண்டை ஆரம்பிப்பான். ஆறாவது நகர்த்தலில் நான் குதிரையை எடுத்து சி3-இல் வைப்பேன். இருவரும் சிரித்துவிட்டு மேலே ஆடுவோம்.

சிந்திக்க, கலந்து பேச

1. குவீன்ஸ் கேம்பிட்டில் வெள்ளை டி4, கறுப்பு டி5, வெள்ளை சி4. கறுப்பு அந்தச் சிப்பாயை வெட்டினால் வெள்ளையால் பொதுவாக அதைத் திரும்ப எடுத்துவிட முடியும். அப்படியானால் அது உண்மையான கேம்பிட்டா?

2. நீங்கள் வழக்கமாக ஆடும் கேம்பிட் எது? அதற்கு மூன்று வரி எழுதிக்கொண்டு வாருங்கள்.

3. கடைசியாக நீங்கள் கண்ணியால் ஜெயித்த ஆட்டத்தில், எதிராளி சரியாக ஆடியிருந்தால் உங்கள் அடுத்த நகர்த்தல் என்னவாக இருந்திருக்கும்?