உடலுக்குரிய ஹக்கு

பிறர் கையை எதிர்பாராமல் சொந்தத் தொழில் செய்து உண்பது மார்க்கம் போற்றும் வாழ்க்கையாகும். தம் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவு வேறில்லை என்றும், தாவூது நபி (அலை) அவர்கள் தம் கை உழைப்பைக் கொண்டே உண்டு வந்தார்கள் என்றும் நபிமொழி வந்துள்ளது. மளிகைக் கடைக்காரர், தள்ளுவண்டி வியாபாரி, வீட்டிலிருந்தே தையல் மெஷின் மிதிக்கும் தாய்மார்கள் யாவரும் இச்சிறப்புக்கு உரியவர்களே.

ஆனால் இவர்களிடையே ஒரு குறையைக் காண்கிறோம். பகலுணவு அஸர் நேரத்துக்குத் தள்ளிப்போகிறது. சிறுநீரை அடக்கிக்கொண்டு கல்லாவில் அமர்ந்திருக்கிறார்கள். காய்ச்சலோடு கடை திறக்கிறார்கள். ஒரு நாள் படுத்துவிட்டாலோ, ஏதோ பாவம் செய்தது போல் மனம் உறுத்துகிறது. ஓய்வெடுக்க மார்க்கத்தில் அனுமதி உண்டா?

அனுமதி மட்டுமல்ல, அது கடமையும் ஆகும்.

ஹளரத் அபூதர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்து வந்தார்கள். அவர்களைக் காண வந்த ஹளரத் ஸல்மான் பார்ஸீ (ரலி) அவர்கள், தம்முடன் உண்ணும்படி வற்புறுத்தினார்கள். இரவில் உறங்கச் செய்தார்கள். பின்னிரவில் எழுப்பி இருவரும் சேர்ந்து தொழுதார்கள். இறைவனுக்கும், உமது ஆன்மாவுக்கும், உம் குடும்பத்தாருக்கும் உம்மீது ஹக்கு உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடும் என்று அறிவுறுத்தினார்கள். செய்தி நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்றபோது, ஸல்மான் சொன்னது உண்மையே என்றார்கள். நஃபிலான வணக்கத்துக்கே இவ்வாறு எல்லை கட்டப்பட்டிருக்க, வியாபாரத்துக்கு எல்லை இல்லாமற் போகுமா?

முதலாளியும் தாமே, வேலையாளும் தாமே

நம் கையின் கீழ் உள்ளவர்கள் மீது அவர்களால் தாங்க முடியாத சுமையை ஏற்றக்கூடாது என்றும், ஏற்றினால் நாமும் உதவ வேண்டும் என்றும் ரசூல் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டுள்ளார்கள். கடைப் பையனுக்குக் காய்ச்சல் என்றால், "வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்" என்கிறோம். சொந்தத் தொழில் செய்பவர் தமக்குத் தாமே முதலாளி. தமக்குத் தாமே வேலையாள். பையனுக்குக் காட்டும் இரக்கத்தைத் தம் உடலுக்குக் காட்ட மறுப்பது எந்த நியாயம்? உடல் நம் சொத்தன்று. அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.

மூல நோயால் அவதியுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தொழுகையைப் பற்றிக் கேட்டபோது, நின்று தொழுக, இயலாவிடில் உட்கார்ந்து, அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்துத் தொழுக என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஃபர்லான தொழுகைக்கே சலுகை உண்டு; கடைக் கதவுக்கு இல்லையா?

"கடையை அடைத்தால் அன்றைய வருமானம் போய்விடுமே" என்பது உண்மையான கவலைதான். அதை நாம் இலேசாக எண்ணவில்லை. ஆனால் காலில் பட்ட புண்ணைக் காட்ட ஒரு மணி நேரம் ஒதுக்காத சர்க்கரை நோயாளி, பின்னர் காலையே இழக்க நேரலாம். ஒரு மணி நேரம் அடைக்காத கடை அப்போது மாதக் கணக்கில் அடைந்து கிடக்கும். வீட்டார் கடன் வாங்குவார்கள். எனவே உடலைப் பேணுவது குடும்பத்தின் ஹக்கைப் பேணுவதே.

செய்ய வேண்டியவை

ஐவேளைத் தொழுகையை நாளின் எல்லைக் கற்களாக்கிக்கொள்ளுங்கள். லுஹர் தொழுததும் உணவு, பிறகு சிறிது நேரம் கண்ணயர்தல். இதுவே கைலூலா, ஸஹாபாக்களின் வழக்கம். இஷாவுக்குப் பின் கணக்குப் புத்தகத்தை மூடிவிடுங்கள். உறக்கத்தை இளைப்பாறுதலாகவும் பகலை வாழ்க்கைத் தேட்டத்துக்காகவும் ஆக்கியிருப்பதாக அல்லாஹ் 78-வது அத்தியாயத்தில் கூறுகிறான். நாள்தோறும் ஒரு சிறு தொகையை நோய்க் காலத்துக்கென ஒதுக்குங்கள். அண்டைக் கடைக்காரருடன் பேசி, ஒருவர் மருத்துவரிடம் செல்லும்போது மற்றவர் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு செய்யுங்கள்.

இது சோம்பலுக்குச் சாக்கு அன்று. ஜும்ஆவின் அழைப்புக்கு வியாபாரத்தை விட்டுவிடச் சொன்ன அதே திருமறை, தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி அவன் அருளைத் தேடும்படியும் சொல்கிறது (62:9, 10). கடையை மூடும் நேரத்திலும் ரிஸ்க் அளிப்பவன் அவனே.

உழைப்பிலும் ஓய்விலும் வல்ல அல்லாஹ் நமக்குப் பரக்கத் செய்வானாக! ஆமீன்.