டிராம் எந்தப் பாதையில் போகும்? ஆங்கில வாசிப்புக்கு ஒரு பயிற்சி

நம் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்தைக் கடகடவென்று வாசித்துவிடுகிறார்கள். முடித்ததும் "என்ன படித்தாய்?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். வீட்டில் தமிழ், தெருவில் வங்காளி, பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் என்று வளரும் பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. ரயில்வே சிக்னல் பிரிவில் டிப்ளமோ எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற நான், சாந்த்ராகாச்சியில் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் சிலருக்கு ஞாயிறுதோறும் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். அதில் நல்ல பலன் தந்த ஒரு முறையை வாசக அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

"இப்படி நேர்ந்தால் மனிதன் என்ன செய்வான்?" என்று கேட்கும் சிறு பகுதிகளைப் படிக்கக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். விடைக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் ஒவ்வொரு விடைக்கும் பகுதியிலிருந்து ஒரு வரியைச் சாட்சியாகக் காட்ட வேண்டும்.

ஃபிலிப்பா ஃபுட் என்ற ஆங்கிலேயத் தத்துவப் பேராசிரியை 1967இல் எழுப்பிய கேள்வி ஒன்று உண்டு. கட்டுக்கடங்காமல் ஓடும் டிராம். முன்னால் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்றில் ஐந்து பேர் வேலை செய்கிறார்கள், மற்றதில் ஒருவர். ஓட்டுநர் எந்தப் பக்கம் திருப்புவார்? பின்னாளில் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியை இதற்கு 'டிராலி பிராப்ளம்' என்று பெயரிட்டார். அங்கே டிராலி என்றால் டிராம். நம் ரயில்வேக்காரர்களுக்கோ டிராலி என்பது ஆட்கள் தள்ளிக்கொண்டு போகும் இன்ஸ்பெக்‌ஷன் வண்டி! 1873லேயே டிராம் ஓடிய ஊரின் பிள்ளைகளுக்கு மற்றதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதை எட்டு எளிய ஆங்கில வாக்கியங்களாக எழுதிக் கொடுத்தேன். முதல் வேலை, படித்ததைப் படமாக வரைவது. யார் எந்தப் பாதையில் நிற்கிறார் என்று வரையத் தெரியாதவன் வாசிக்கவில்லை, உச்சரித்திருக்கிறான். பிறகுதான் கேள்வி. "பிரேக் போடலாமே தாத்தா" என்றான் ஒரு பையன். மூன்றாம் வரியைப் பார் என்றேன். பிரேக் பழுது என்று அங்கே இருந்தது. "கத்திக் கூப்பிடலாம்" என்றாள் ஒரு பெண். அவர்களுக்குக் காது கேட்காது என்று எந்த வரியிலும் இல்லை. ஆகவே அவள் விடையை ஒப்புக்கொண்டேன். எழுதியிருப்பது எது, நாமாக நினைத்துக்கொண்டது எது என்று பிரித்துப் பார்ப்பதைத்தான் பள்ளிக்கூடங்களில் 'காம்ப்ரிஹென்ஷன்' என்கிறார்கள்.

அடுத்து ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். தனியே நிற்கும் தொழிலாளி உன் அப்பா. அறை அமைதியாகிவிட்டது. அவர்களில் ஒருவனின் தகப்பனார் ரயில் பாதையில் கீமேன். அவன் தாளைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, "லுக்-அவுட் மேன் எங்கே? சிவப்புக் கொடி எங்கே? ஒரு வரியிலும் காணோமே" என்றான். வண்டியை நிறுத்தச் செய்ய வேண்டிய வேலையென்றால் அகலப் பாதையில் 600 மீட்டரில் பேனர் கொடியும் 1200 மீட்டரில் வெடிகளும் வைப்பது விதி. எந்தப் பேராசிரியரும் கேட்டிராத கேள்வியாக எனக்குப் பட்டது. அவன் அதுவரை வகுப்பில் வாய் திறக்காதவன்.

இலக்கணமும் கூடவே வந்துவிடுகிறது. தமிழில் 'வந்தால்' என்று ஒரு 'ஆல்' சேர்த்துப் பல இடங்களில் சமாளித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் நடக்கக்கூடியதற்கு 'வில்', கற்பனைக்கு 'வுட்', நடந்து முடிந்ததை மாற்றி நினைப்பதற்கு 'வுட் ஹாவ்' என்று மூன்று படிகள். சூத்திரமாகச் சொன்னால் மறுவாரமே மறந்துவிடும்.

இதற்கு இன்னொரு பகுதி உதவியது. 1973இல் டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் சமயக் கல்வி மாணவர்களை வைத்து நடத்திய சோதனை அது. அடுத்த கட்டடத்துக்குப் போய்ப் பேசும்படி அவர்களை அனுப்பினார்கள். சிலர் பேச வேண்டியிருந்தது, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையைப் பற்றி. வழியிலோ ஒருவர் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருந்தார், சோதனைக்காக அமர்த்தப்பட்டவர். பேச்சின் பொருள் பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள்; நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான்.

முடிவைக் காட்டுமுன் பிள்ளைகளை எழுதச் சொன்னேன். எல்லோரும் 'ஐ வுட் ஹெல்ப்' என்றே எழுதினார்கள். முடிவைப் படித்தபின் மறுபடி எழுதச் சொன்னேன். பலர் மாற்றவில்லை. ஹவுரா லோக்கலைப் பிடிக்கத் தினமும் ஓடும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் யோசித்து, 'ஐ வுட் நாட் ஹாவ் ஸ்டாப்ட்' என்று எழுதிக் கொடுத்தாள். ஒரு பிழையும் இல்லை.

பெற்றோர்கள் வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். பேச்சு தமிழில் இருந்தாலும் சாட்சி வரி மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். இரண்டு பகுதிகளையும் பிரதியெடுத்து வைத்திருக்கிறேன். வேண்டுவோர் ஞாயிறு காலை பத்து மணிக்கு முன் வந்தால் பெற்றுக்கொள்ளலாம்.