ஒரே இடியில் போகாத நகல்கள்



பேக்கப் எனப்படும் காப்புநகல், மூலக் கோப்பு அழிந்தாலோ கெட்டாலோ அதை மீட்பதற்காகத் தனியே எடுத்து வைக்கப்படும் பிரதியாகும். வீட்டில் மூன்று நான்கு கணினிகள் இருக்கும்போது எந்தச் சாதனத்தை வாங்குவது என்ற கேள்வியே முதலில் எழும் என்றாலும், இழந்தால் மீளாதவை எவை என்று பிரித்துக்கொள்வதே அதற்கு முந்திய வேலை. மென்பொருள்களை மறுபடி நிறுவிக்கொள்ளலாம். பாதி எழுதிய ஆய்வேட்டை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கேரளத்தின் பொன்முடி மலையடிவாரத்துக் கல்லாற்றைச் சேர்ந்த, 2018இல் பத்மஸ்ரீ பெற்ற லட்சுமிக்குட்டி அம்மா ஏறத்தாழ 500 மூலிகை மருந்துகளை நினைவிலிருந்தே தயாரிப்பவராக அறியப்பட்டவர். அத்தகைய அறிவைப் பதிவுசெய்த காணொளி ஒரே மடிக்கணினியில் கிடக்குமானால், பதிவுசெய்ததன் பயன் பாதியே.

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 விதி, மூலத்தோடு சேர்த்து மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், பிரதிகளுள் ஒன்று வேறிடத்தில் என்று வகுக்கிறது. இவ்விதியின் உயிர் எண்ணிக்கையில் இல்லை; ஒரே விபத்தில் எல்லாப் பிரதிகளும் சேர்ந்து போகாதபடி பார்த்துக்கொள்வதில் இருக்கிறது. கல்லாறு போன்ற மலையடிவார ஊரில் துலாமாத மழைக்காலத்து மாலை இடி மின்கம்பி வழியே இறங்கினால், கணினிகளோடு அவற்றில் செருகியே வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கும் ஒருசேரக் கருகக்கூடும். பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் நிரலும், இணைப்பில் இருக்கும் வட்டுகளையெல்லாம் பூட்டிவிட வல்லது. எனவே நகல் முடிந்ததும் வட்டைக் கழற்றி வைப்பது இரண்டு ஆபத்துக்கும் ஒரே மருந்து.

கணினிகள் பலவாயின், வீட்டு வலைப்பின்னலில் இணைந்த பொதுச் சேமிப்புப் பெட்டியான நாஸ் ஒன்றுக்கு ஒவ்வொரு கணினியும் இரவில் தானாகவே, முன்பு எடுத்ததிலிருந்து மாறியதை மட்டும் அனுப்புமாறு அமைப்பது வசதியானது. கணினியில் அழித்ததைத் தன்னிடமும் உடனே அழித்துவிடும் ஒத்திசைவு வசதியைக் காப்புநகலாகக் கருதலாகாது; பழைய பதிப்புகளையும் சேர்த்து வைப்பதே காப்புநகல்.

வேறிடத்துப் பிரதிக்கு இணையவழி மேகச் சேமிப்பு உதவும். ஆனால் விநாடிக்கு 10 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் 500 ஜிகாபைட்டை முதன்முறை ஏற்றி முடிக்க இடைவிடாமல் நான்கரை நாளுக்கு மேல் ஆகும். அதனால் இணைய வேகம் குறைந்த வீட்டார், கடவுச்சொல்லால் மறையாக்கம் செய்த வட்டு ஒன்றை வேறூரில் உள்ள உறவினர் வீட்டில் வைத்து, மாதம் ஒருமுறை மாற்றி வருவதே எளிது.

திறந்து பார்க்காத நகலை நம்புவதற்கில்லை. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு கோப்புறையை நகலிலிருந்து வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பார்ப்பதையும், அதற்கான கடவுச்சொல்லை வீட்டில் இன்னொருவரும் அறிந்திருப்பதையும் திட்டத்தின் பகுதியாகவே கொள்ள வேண்டும்.