உவர்நிலத்து உமரி

திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளி வீதியை அடுத்துக் கிடக்கும் உப்புவெளி, பெயரினாலேயே தன் மண்ணின் இயல்பை அறிவிக்கின்ற ஊராகும். அங்கிருந்து நிலாவெளி வரையிலும், தெற்கே தம்பலகாமக் குடாவைச் சூழ்ந்தும், கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களிலும் கடல்நீர் ஏறி வற்றும் தரவைகள் பல உள. மாரியிலே நீர் தேங்கியும், கச்சான் வீசும் காலத்திலே வெண்மையாய் உப்புப் பூத்தும் கிடக்கும் இந்நிலங்களில் நெல்லும் நிலையாது. மரக்கறிப் பயிர்களும் முளையிலேயே கருகும். அங்கே தானாக முளைத்துத் தழைத்து நிற்கும் செடிகளுள் முதன்மையானது உமரி. தூத்துக்குடிப் பக்கத்திலே உமரிக்காடு என ஓர் ஊரே இருத்தலால், இச்செடி தமிழ்நாட்டுக் கரையோரத்தாருக்கும் பழகியது என்பது விளங்கும்.

கமக்காரர் பலர் இதனை ஒரு களையென்றே எண்ணுவர். ஆயினும் இதனை அறிந்து வைத்திருத்தலால் இரண்டு நன்மைகள் உள. ஒன்று, இது உண்ணத்தக்க கீரை. மற்றொன்று, வயலிலே இது தோன்றுமாயின் அந்நிலத்தில் விதைநெல்லைச் செலவிடலாமா என்பதை விதைப்பதற்கு முன்னரே எண்ணிப் பார்க்க அது இடமளிக்கும். இரண்டாவதே பெரிது.

செடியின் இயல்பு

உமரி என்னும் பெயர் ஒரு செடிக்கு மட்டும் உரியதன்று. தாவர நூலார் சுவீடா என்று வழங்கும் இனத்தைச் சேர்ந்த இரண்டு செடிகளை இப்பகுதியிற் காணலாம். சுவீடா மரித்திமா என்பது பெரும்பாலும் முழங்காலளவு உயரும் சிறு பூண்டு. சுவீடா மொனொயிக்கா என்பது ஆளுயரத்துக்கு மேலும் வளரும் புதர். அடித்தண்டு மரம்போல் வைரங்கொள்ளும். இரண்டிலும் இலைகள் காம்பின்றி, ஊசி போல் நீண்டு, சதைப்பற்றுடன் நீர் நிறைந்திருக்கும். நகத்தாற் கிள்ளி நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். பூக்கள் மிகச் சிறியன, பச்சை நிறத்தன, இலைக் கக்கங்களிலே கொத்தாய் அமைந்திருத்தலால் உற்று நோக்கினாலன்றிப் புலப்படா. ஒவ்வொரு பூவிலும் ஐந்து இதழ்கள் உள. காயினுள்ளே மினுங்கும் கறுப்பு விதை ஒன்றிருக்கும். அதனுள் முளையம் நத்தையோடு போற் சுருண்டு கிடக்கும்.

கீரைத்தண்டு, பசளிக்கீரை, பீற்றூட்டு என்பனவும், இமயமலைச் சாரலில் மாவுக்காகப் பயிரிடப்படும் பக்குவீற்றும், உமரியும் ஒரே பெரு வரிசையைச் சேர்ந்தவை. அவ்வரிசையின் செடிகளுட் பல, ஏனைய பயிர்கள் தாங்காத நிலத்தைத் தாங்குவன. உமரி கோடையிலே செம்பட்டு விரித்தாற்போற் சிவப்பதற்குக் காரணமான நிறப்பொருளும், பீற்றூட்டுக் கிழங்கைச் சிவப்பாக்கும் நிறப்பொருளும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவையே.

இதனோடு மயங்கத்தக்க செடிகள் இரண்டு. இலையே இல்லாததுபோற் கணுக்கணுவாய், பச்சைப் பவளக் கொடியை நிகர்த்து நிற்பது சலிக்கோணியா. அதனையும் சிலர் உமரி என்றே அழைப்பர். தரையிற் படர்ந்து, கணுக்கள்தோறும் வேர்விட்டு, இளஞ்சிவப்பு நிறத்து நட்சத்திரப் பூப் பூப்பது வங்காரவள்ளை. இவ்விரண்டும் உண்ணத்தக்கவையே ஆதலால் மயங்கினும் தீங்கில்லை. எச்சரிக்கை வேண்டுவது தில்லை மரத்தைக் குறித்தேயாம். களப்போரங்களில் உமரிக்கு அருகே இது நிற்பதுண்டு. இதன் பால் கண்ணிற் பட்டாற் பார்வையைக் கெடுக்கும். தோலிற் பட்டாற் கொப்புளிக்கும். உமரியைக் கிள்ளினாற் பால் வடியாது. பால் வடியும் எதனையும் கூடையில் இடுதல் ஆகாது.

உப்பைத் தாங்கும் வகை

கடல்நீர் ஓர் இலீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. அத்தகைய நீரை நெற்பயிரின் வேருக்கு வார்த்தால், வேர் நீரை உறிஞ்ச இயலாது; நீர் நடுவே நின்றும் பயிர் வாடும். அன்றியும் உட்புகுந்த சோடியம் இலையின் உயிரணுக்களை நஞ்சாய்த் தாக்கும். இவ்விரு இடர்களையும் உமரி ஒருங்கே வெல்லுகின்றது. உட்கொண்ட உப்பை அது உயிரணுவின் நடுவேயுள்ள நீர்ப்பையினுள் அடைத்து வைக்கின்றது. அவ்வுப்பின் ஈர்ப்பினாலேயே மண்ணிலிருந்து நீரை இழுக்கின்றது. உயிர்த்தொழில் நடைபெறும் புறப்பகுதியிலோ, கிளைசீன் பீற்றெயின் என்னும் தீங்கற்ற பொருளை நிரப்பிச் சமநிலை செய்கின்றது. கண்ணா மரமும் உப்பை உட்கொள்வதே. ஆயின் அதன் இலைகள் மிகுந்த உப்பை வெளியே கசியவிடுதலால், காலையில் அவற்றின்மேல் உப்புப் பொடியைக் காணலாம். உமரி அவ்வாறு வெளியேற்றுவதில்லை, சேர்த்தே வைக்கும். இந்த வேறுபாடு பின்னர் வயல் திருத்தம் பற்றிக் கூறுமிடத்துப் பயன்படும்.

விதைகள் உப்பு மிகுந்திருக்கும் காலத்தில் முளைக்காது காத்துக் கிடக்கும். வாடைமழை மேல்மண்ணின் உப்பைக் கரைத்து இறக்கிய பின்னரே முளைவிடும். ஆகவே மாரியின் தொடக்கத்திலே பசுமையாகவும், கோடையிலே சிவந்தும் இதனைக் காண்கின்றோம்.

உணவாகப் பயன்படுத்தல்

உமரியின் பழம் பயன்களைப் பற்றிய வலிய சான்று ஒன்று, பிரித்தானியக் கும்பனியின் தாவர நூலாராகிய வில்லியம் றொக்சுபரோ எழுதி, 1832 இல் நூலுருப் பெற்ற இந்தியத் தாவர விவரத்திலே காணப்படுகின்றது. சோழமண்டலக் கரையின் வடபாகத்தில் 1791 முதல் 1793 வரை நிலவிய பெரும் பஞ்சத்தின்போது, கடலோர ஏழை மக்கள் பெரும்பாலும் இவ்வினத்துச் செடியின் இலையையே தின்று உயிர் தாங்கினர் என்றும், பல்லாயிரவர் இதனாற் பிழைத்ததாக அந்நாட்டு மக்கள் கூறினர் என்றும் அவர் குறித்துள்ளார். பஞ்சம் நிலவிய நாளில் அவர் அக்கரையிலேயே பணியாற்றியவர். பஞ்சமில்லாத காலத்திலும் எல்லாத் தரத்தாரும் இதனைக் கறியிற் சேர்த்துண்டனர் என்று அவர் எழுதியமையால், இது பசிக்கு மட்டும் தின்ற பூண்டு அன்று என்பது தெளிவு.

சமைக்கும் முறை எளிது. மாரிகாலத்திலே இளந்தளிர்களை மட்டும் கிள்ளி எடுத்தல் வேண்டும், சிவந்தவற்றை விலக்குக. இரண்டு மூன்று தண்ணீரிற் கழுவி, நிறைந்த நீரில் அவித்து, அந்நீரை வடித்துப் பிழிந்துவிட வேண்டும். உப்பின் பெரும்பங்கும், சிறுநீரகக் கல்லுக்கு ஏதுவாகும் ஒட்சாலிக்கமிலத்தின் கரையும் பகுதியும் அந்நீரோடு நீங்கும். பின்னர் வெங்காயமும் பச்சைமிளகாயும் தாளித்துத் தேங்காய்ப்பூச் சேர்த்து வறையாக்கலாம். பருப்புடன் கூட்டியும் சமைக்கலாம். உப்புச் சேர்த்தல் வேண்டா. புதிதாய்ச் சமைப்போர் இதனை மறந்து, கறியைக் கடலாக்கிவிடுவது வழக்கம். இரத்த அமுக்கம் உடையோரும் சிறுநீரக நோயாளரும் இக்கீரையைத் தவிர்த்தலே நன்று. மண்ணிலுள்ள பார உலோகங்களையும் இச்செடி உறிஞ்சவல்லது ஆதலின், கழிவுநீர் வாய்க்கால், எண்ணெய் படியும் துறைமுகக் கரை, குப்பைமேடு என்பவற்றின் அருகே பறித்தல் கூடாது.

ஆடுகள் இதனை விரும்பி மேயும். மாட்டுக்கு வைக்கோலோடு சிறிதளவு கலந்து கொடுத்து, நன்னீர் தாராளமாய்க் காட்டலாம்; தனித்து மிகுதியாய்த் தின்றாற் கழிச்சல் காணும்.

உலர்ந்த செடியை எரித்துப் பெறும் சாம்பலிலே சோடாக்காரம் உண்டு. முற்காலத்தில் இத்தகைய சாம்பலைக் கண்ணாடிக்கும் சவர்க்காரத்துக்கும் பயன்படுத்தினர். றொக்சுபரோ குறித்த பஞ்சம் தொடங்கிய அதே 1791 இலே பிரான்சு நாட்டு லெபிளாங்கு என்பார் கறியுப்பிலிருந்தே அக்காரத்தைச் செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். அதன்பின் அச்சாம்பல் வாணிகம் படிப்படியாக மங்கிற்று. இன்று இதன்பொருட்டுச் செடியை எரித்தல் வீண் உழைப்பே. குசராத்திலுள்ள பவநகர் உப்பு ஆராய்ச்சி நிலையத்தார் சலிக்கோணியாவிலிருந்து தாவர உப்பு எடுத்திருப்பது வேறொரு வழி.

வயலில் உமரி தோன்றினால்

2004 ஆம் ஆண்டு திசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இக்கரையோர ஊர்களில் ஏறிய காலத்தில் வயல்களிலே பெரும்போக நெல் நின்றது. கடல்நீர் புகுந்த வயலும் கிணறும் உவராயின. அத்தகைய பெருங்கேடு இன்றியும், கடலை அடுத்த கிணறுகளில் இயந்திரத்தால் மிகுதியாய் நீர் இறைத்தலாலும், வடிகால் தூர்ந்து போதலாலும், வரம்பு உடைந்து களப்புநீர் ஏறுதலாலும் உவர் சிறிது சிறிதாய்ப் பரவுகின்றது. 2009 இன் பின்னர் உப்புவெளி, நிலாவெளிக் கரையிலே கட்டடங்கள் பெருகியுள்ளன. தாழ்நிலத்தை நிரப்புவோர் பழைய நீரோட்ட வழியை அடைத்துவிட்டால், அயல் வயலிலே நீர் தங்கி உப்பு மேலேறும்.

உவரை அளக்கும் கருவியில் மண்சாற்றின் மின்கடத்து திறன் 4 டெசிசைமன்சு அளவைத் தாண்டினால் அதனை உவர்மண் என்பர். நெல்லின் விளைவோ 3 இலேயே குறையத் தொடங்கி, 7 ஐ அண்மியதும் பாதியாகும். அறுகம்புல் 7 வரையிலும் குறைவின்றித் தாங்கும். ஆகையால் உமரி நின்ற இடத்திலே அறுகு படர்வதைக் கண்டு, உவர் அற்றுவிட்டது என முடிவு செய்து நெல் விதைப்பது இழப்புக்கே வழியாகும். மண்ணைக் கொடுத்து அளந்தறிந்த பின்னரே விதைக்க வேண்டும்.

அளப்பதற்கு முன் வீட்டிலே செய்யத்தக்க சிறு சோதனை ஒன்றுண்டு. கண்ணாடிப் போத்தலிலே ஒரு பங்கு மண்ணும் ஐந்து பங்கு மழைநீரும் இட்டுக் குலுக்கி ஒருநாள் வைக்கவும். உப்பு மிகுந்த களிமண் விரைவிற் படிந்து மேல்நீர் தெளியும். மறுநாளும் நீர் கலங்கியே இருந்தால், சோடியம் களியோடு ஒட்டிக்கொண்டது எனலாம். அந்நிலத்துக்கு மழைநீர் மட்டும் போதாது, சிப்சமும் வேண்டும்.

உமரியை வளர்த்து அறுத்து அகற்றினால் மண்ணிலுள்ள உப்பு முழுதும் நீங்கிவிடும் என்று சிலர் கூறுவர். தமிழ்நாட்டு ஆராய்ச்சியாளர் 2007 இல் வெளியிட்ட முடிவின்படி, சுவீடா மரித்திமா நான்கு மாதத்தில் ஒரு ஹெக்டேயரிலிருந்து 504 கிலோகிராமும், வங்காரவள்ளை 474 கிலோகிராமும் கறியுப்பை எடுத்தன. கேட்பதற்கு இது பெருந்தொகையே. ஆயினும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கடல்நீர் ஓர் இலீற்றரிலுள்ள கறியுப்பு மட்டும் ஏறத்தாழ 27 கிராம். 504 கிலோகிராம் என்பது ஒரு ஹெக்டேயரின்மேல் 2 மில்லிமீற்றருக்கும் குறைந்த ஆழத்தில் நின்ற கடல்நீரின் உப்பேயாகும். 10 சதமமீற்றர் ஆழம் நின்று வற்றினால் 27,000 கிலோகிராம் படியும். ஆகவே உமரி துணையாகுமேயன்றி, தனியே வயலை மீட்காது. அதுவும் அறுத்து வெளியே கொண்டுசென்றாற்றான் பயன். வயலிலே உழுது புதைத்தால், சேர்த்து வைத்த உப்பு மீண்டும் மண்ணுக்கே சேரும்.

உண்மையாய் உப்பை நீக்குவது வாடைமழையே. திருகோணமலையில் நவம்பர், திசம்பர் மாதங்களிலே மாதம் ஒன்றுக்கு 300 மில்லிமீற்றருக்கு மேற் பெய்வது வழக்கம். மண்ணின் எவ்வளவு ஆழத்தைத் திருத்த வேண்டுமோ அவ்வளவு ஆழ நீர் ஊடே இறங்கினால், உப்பிலே ஐந்தில் நான்கு பங்கு கழுவப்படும் என்பது பொதுவான கணக்கு. அதற்கு நிலத்தை மட்டமாக்கி, வரம்புகளை உயர்த்தி, மழைநீரைத் தேக்கி, கீழே இறங்கிய நீர் வெளியேறுதற்கு ஆழமான வடிகாலும் வெட்டியிருத்தல் வேண்டும். வடிகாலின்றித் தேக்குவோர், உப்பைச் சிலநாள் கீழே மறைத்து வைக்கின்றனரேயன்றி நீக்குவதில்லை. கச்சான் வீசியதும் அது மேலே வந்துவிடும்.

கழுவிய முதற் பெரும்போகத்தில், பொக்காலி நெல்லின் வழிவந்ததும் உவரைத் தாங்குவதுமாகிய ஏ.ரீ. 354 போன்ற மூன்றரை மாத நெல்லை இடலாம். சிறுபோகத்தில் நன்னீர் உறுதியாய்க் கிடைக்காவிடின் நிலத்தை வெறுமையாய் விடாது, வைக்கோலாலாவது தழையாலாவது மூடி வைக்கவும். வெறுமண்ணிலிருந்து நீர் ஆவியாகும்போது உப்பு மேலேறும். வயலோரத்திலும் வடிகாற் கரையிலும் நிற்கும் உமரியை வேரோடு பிடுங்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் அது எந்த எல்லை வரை வந்து நிற்கின்றது என்பதற்கு ஒரு முளை அடித்து வைத்தால், உவர் முன்னேறுகின்றதா பின்வாங்குகின்றதா என்பதை அடுத்த மாரியிலே செலவின்றி அறிந்துகொள்ளலாம்.