"கொஞ்சம் வெளியே போயிட்டு வர்றேன்"



போன மாதம் நம் கூட்டமைப்பில் கணக்குப் பயிற்சி நடந்தது. காலை 10 மணிக்கு உட்கார்ந்தவர்கள் மதியம் ஒன்றரை வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எவ்வளவு அக்கறை என்று எங்களுக்குப் பெருமை. சாப்பிடும்போதுதான் ஓர் அக்கா மெதுவாகச் சொன்னார்: "எல்லாருக்கும் அவசரம்தான். பாத்ரூம் பூட்டியிருந்துச்சு. சாவி அந்த சார்கிட்ட இருக்கு. அவர்கிட்ட போய் எப்படிம்மா கேக்குறது?" எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. 11 மணி டீ நேரத்தை, கணக்கு முடியட்டும் என்று தள்ளிப் போட்டதும் நாங்கள்தான்.

வேலைக்குப் போகும் இடத்திலும் இதே கதைதான். தையல் கம்பெனிக்குப் போகும் நம் உறுப்பினர் ஒருவர், சூப்பர்வைசரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் இருந்து பழகிவிட்டார். கடைசியில் சிறுநீர்த் தொற்று. காய்ச்சலும் அடிவயிற்று வலியுமாக ஆறு நாள் படுத்துவிட்டார். ஆறு நாள் கூலியும் போச்சு, அந்த மாதக் கடன் தவணையும் நின்றது. தண்ணீரைக் குறைப்பதும் அடக்கி வைப்பதும் தொற்றுக்கு வழிவிடும். ஒண்ணுக்குப் போகையில் எரிச்சல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கர்ப்பிணிகள் ஒரு நாள்கூடத் தள்ளிப் போட வேண்டாம்.

சரி, எப்படிச் சொல்வது? "சார், அஞ்சு நிமிஷம் வெளியே போயிட்டு வந்துடறேன்." அவ்வளவுதான். வயிற்று வலியா, மாதவிலக்கா என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "போகலாமா சார்..." என்று இழுத்து நின்றால் "அப்புறம் போ" என்றுதான் பதில் வரும். "போயிட்டு வர்றேன்" என்பது மரியாதைக் குறைவு இல்லை. மாமியாரிடம்கூட அப்படிச் சொல்லிவிட்டுத்தானே வீட்டை விட்டுக் கிளம்புகிறோம்!

போகுமுன் கையிலுள்ள வேலையை ஒருவரிடம் ஒப்படையுங்கள். மிஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்து ஆளிடம் சொல்லுங்கள். கடையில் ஆள் நின்றால், "அண்ணே, இவங்க பாத்துக் குடுப்பாங்க" என்று காட்டிவிடுங்கள். குழுக் கூட்டத்தில் சேமிப்புப் பணம் முன்னால் இருந்தால், எண்ணி, தொகையை வாய்விட்டுச் சொல்லி, பிரதிநிதி கையில் கொடுத்த பிறகே எழுந்திருங்கள். பத்து ரூபாய் குறைந்து, நடுவில் எழுந்து போனவர் மேல் பழி விழுந்த குழுவை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

சொல்லியும் விடவில்லை என்றால்? பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதினார்கள். கடைகளில் வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆகவே கெஞ்ச வேண்டாம். ஒற்றை ஆளாகச் சண்டைக்கும் போக வேண்டாம். மூன்று நான்கு பேராகச் சேர்ந்து, ஷிப்டு முடிந்ததும் மேனேஜரிடம் சொல்லுங்கள். அப்படியும் நடக்காவிட்டால் கூட்டமைப்புக்கு வாருங்கள், கூட வந்து நாங்களும் பேசுகிறோம்.

இன்னொன்று. நம் பயிற்சிக் கூடத்தின் பாத்ரூம் சாவி இனி யாரிடமும் இருக்காது. வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறோம். எடுத்துக்கொண்டு போய் வாருங்கள். திரும்ப மாட்ட மறக்காதீர்கள்.